குரோமாட்டின் சிமுலேஷன்: 30 நானோமீட்டர் இழையை வைத்து ஆரம்பிக்கலாமா?

மணிச்சரம்:
இயற்பியல் படித்துவிட்டு இப்போதுதான் குரோமாட்டின் (செல்லின் உட்கருவில் புரதங்களோடு சேர்ந்திருக்கும் டி.என்.ஏ.) பக்கம் வந்திருக்கிறேன். பாடப்புத்தகத்தில் இருக்கும் 30 நானோமீட்டர் தடிமன் இழையையே எடுத்துக்கொண்டு, அதைக் கோத்த மணிகளாக எண்ணி, ஒவ்வொரு மணியிலும் 3,000 கார இணை (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) என்று வைத்து, மணிகளை ஸ்பிரிங்கால் கோத்து, கோளத்துக்குள் தாறுமாறாகப் போட்டு, சமநிலை வரும்வரை ஓட்டினேன். இரண்டு புள்ளிகள் தொட்டுக்கொள்ளும் நிகழ்தகவு, இடைநீளம் கூடக்கூட லாக்-லாக் வரைபடத்தில் -1.5 சாய்வில் விழுகிறது. ஆனால் 2009இல் வந்த முதல் ஹை-சி (டி.என்.ஏ.வின் எந்தப் பகுதி எதைத் தொடுகிறது என்று எண்ணும் சோதனை) தரவில், 5 லட்சம் முதல் 70 லட்சம் கார இணை வரை சாய்வு கிட்டத்தட்ட -1. மணியை நியூக்ளியோசோம் (புரதக் கட்டியும் அதைச் சுற்றிய டி.என்.ஏ.வும்) அளவுக்குச் சின்னதாக்கினால் சரியாகுமா?

இழைப்பித்து:
30 நானோமீட்டர் இழையை முதலில் விட்டுவிடுங்கள். பிரித்தெடுத்த குரோமாட்டினில், சோதனைக்குழாயில் அது தெரிந்தது உண்மை. ஆனால் 2017இல் மனித செல்களுக்குள்ளேயே எலக்ட்ரான் டோமோகிராஃபி (எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுக்கும் முப்பரிமாணப் படம்) செய்து பார்த்தபோது தெரிந்தது, 5 முதல் 24 நானோமீட்டர் வரை தடிமன் மாறிக்கொண்டே போகும் ஒழுங்கற்ற சரம்தான். 147 கார இணை, எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த கட்டியைச் சுற்றி ஒன்றே முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றியிருக்கும், அது உறுதி. அதற்கு மேலே அழகான சுருள் இருந்தே தீரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மணியில் 1,000 கார இணை, அதாவது ஏறக்குறைய 5 நியூக்ளியோசோம், போதும்.

உட்கருவாசி:
மணி அளவை மாற்றினாலும் அந்த -1.5 அப்படியேதான் வரும். அடர்த்தியான இடத்தில் சமநிலைக்குப் போன எந்த நீளச் சங்கிலியும் அதைத்தான் தரும். நிஜக் குரோமோசோம் சமநிலைக்குப் போவதே இல்லை, அவ்வளவு நீளமான சங்கிலி தன் சிக்குகளுக்குள் நெளிந்து முழுக்கக் கலந்துபோக நூற்றாண்டுகள் ஆகும் என்று பாலிமர் கணக்கு சொல்கிறது, செல்லுக்கு ஏது அவ்வளவு நேரம்? அதனால்தான் ஒவ்வொரு குரோமோசோமும் தனக்கென்று ஒரு பகுதியில் இருக்கிறது. செல் பிரிந்து முடிந்ததும் இருக்கும் குட்டையான, இறுகிய தண்டு வடிவத்தில் ஆரம்பித்து, சங்கிலி தன்னையே ஊடுருவாதபடி வைத்து, விரியவிடுங்கள். சாய்வு -1 பக்கம் நகரும்.

மணிச்சரம்:
அப்படியென்றால் பிரச்சினை இடநெருக்கடி இல்லையா? 2 மீட்டர் டி.என்.ஏ.வை உட்கருவுக்குள் அடைப்பதுதான் பெரிய விஷயம் என்று நினைத்திருந்தேன்.

உட்கருவாசி:
கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 மீட்டர் நீளம், 2 நானோமீட்டர் தடிமன், மொத்தம் 6 கன மைக்ரோமீட்டர் சொச்சம். 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உட்கருவின் கொள்ளளவு 520 கிட்ட. ஹிஸ்டோன்களைச் சேர்த்தாலும் சில சதவீதம்தான். இடம் தாராளமாக இருக்கிறது. சிக்கு விழாமல், வேண்டிய ஜீன் வேண்டிய நேரத்தில் கைக்கு எட்டும்படி இருப்பதுதான் கஷ்டம், எனக்கு இந்தத் துறையில் பிடித்ததே அதுதான்.

இழைப்பித்து:
அப்புறம் கோஹிசின் என்ற வளைய வடிவப் புரதத்தைச் சேர்க்காமல் விடாதீர்கள். அது சங்கிலியில் ஏறி, இரண்டு பக்கமும் இழுத்து வளையத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகும், டி.என்.ஏ.வில் எதிரெதிராகப் பார்த்து நிற்கும் சிடிசிஎஃப் என்ற புரதங்கள் வந்தால் நின்றுவிடும். ஹை-சி வரைபடத்தில் மூலைவிட்டத்தை ஒட்டித் தெரியும் சதுரங்கள் பெரும்பாலும் இதனால்தான். 2017இல் செல்லிலிருந்து கோஹிசினை அகற்றியபோது அந்த வளையங்கள் மறைந்தன, ஆனால் செயல்படும் பகுதியும் அடங்கிய பகுதியும் தனித்தனியே ஒதுங்குவது மறையவில்லை. ஆக அந்த ஒதுக்கத்துக்கு மணிகளுக்கிடையே தனியாக ஈர்ப்பு வைக்க வேண்டும். இன்னொன்று, ஹை-சி என்பது லட்சக்கணக்கான செல்களின் சராசரி. ஒரே ஒரு வடிவத்தை அதோடு ஒப்பிடாமல், பல ஓட்டங்களைச் சராசரி எடுத்து ஒப்பிடுங்கள்.