மஞ்ச வீட்டுக்குள்ள நீலச் சட்டை (கிள்ளான் திடல்ல மேட்ச் பாத்தவங்க இருந்தா உங்க கதையும் சொல்லுங்க)

பந்திங் மஞ்சச்சட்டை:
வணக்கம் மக்களே. நம்ம பந்திங் பக்கம் பந்துன்னாலே கால்பந்துதான், ஆனா ஐபிஎல் வந்துட்டா கதையே வேற, ராத்திரி பத்து மணிக்கு டிவியப் போட்டா முடிய ஒன்றரை ஆயிடும், காலையில தோட்டத்துல ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல கண்ணு செவந்து நிக்கிற மூஞ்சிங்கள வெச்சே நேத்து யார் ஜெயிச்சான்னு சொல்லிடலாம். எங்க வீடு 2008லேர்ந்து மஞ்ச, சென்னை டீம்தான். நீலச் சட்ட மும்பைய ஆகவே ஆகாது. 2013, 2015, 2019 மூணு பைனல்ல அவங்ககிட்டயே தோத்தா வேற எப்படி இருக்கும்? அதுலயும் 2019, வாட்சன் முட்டியில ரத்தம் ஒழுக 80 அடிச்சு, கடைசி பந்துல மலிங்கா எல்பிடபிள்யூ எடுத்து ஒரே ஒரு ரன்ல போச்சு. அது நோன்பு மாசம், மாமாக் சாப்பாட்டுக் கடையில உக்காந்திருந்தோம், விடியுமுன்ன சாப்புடுற சஹுருக்குச் சீக்கிரமா வந்த ஒரு மலாய்க்கார அண்ணன் எங்க மூஞ்சியப் பாத்துட்டு யாரு தவறிட்டாங்கன்னு கேட்டாரு.

சரி விஷயத்துக்கு வரேன். 2024 டிசம்பர் 15, ஞாயித்துக்கிழம. கிள்ளான் பாயுமாஸ் ஓவல்ல 19 வயசுக்குக் கீழ பொண்ணுங்களுக்கான ஆசியக் கோப்பை, இந்தியா பாகிஸ்தான் மேட்ச். மகளுக்கு அப்ப பதினோரு வயசு, தோட்டத்துல பையனுங்களோட டென்னிஸ் பந்துல ஆடும், கூட்டிட்டுப் போப்பான்னு ஒரே நச்சரிப்பு. மைவி காடிய எடுத்துக்கிட்டு தெலுக் பங்லிமா காராங் வழியா போயிட்டோம். பாகிஸ்தான் 67தான் எடுத்தாங்க. அப்புறம் இந்தியாவுக்கு ஓப்பனிங் எறங்குன ஒரு இடதுகை பொண்ணு, பதினாறு வயசுதான், 29 பந்துல 44, மூணு சிக்ஸ், எட்டு ஓவர்கூட ஆகல முடிச்சு விட்டுருச்சு. ஜி. கமலினின்னு பேரு. மதுரைப் பொண்ணுன்னு பக்கத்துல யாரோ சொன்னதும் நான் வேலிகிட்ட போயி "பாப்பா, மதுரையாம்மா?"ன்னு கத்துனேன், அது காதுல விழுந்துச்சோ இல்லையோ தெரியாது, என் மகள் மட்டும் மானம் போச்சுன்னு ரெண்டு அடி தள்ளி நின்னுக்கிச்சு.

அன்னைக்கே பெங்களூருல டபிள்யூபிஎல், அதான் பொண்ணுங்க ஐபிஎல், அதோட ஏலம் லா. கேளுங்க, நம்ம கிள்ளான்ல பேட் புடிச்ச அதே நாள்ல, 10 லட்ச ரூபா அடிப்படை விலையில இருந்த பொண்ண 1.6 கோடிக்கு எடுத்துட்டாங்க, நம்ம காசுக்கு எட்டு லட்சம் வெள்ளிக்கு மேல. யாரு எடுத்தா? மும்பை! மகள்தான் போன பாத்துச் சொன்னுச்சு. எனக்கு மீ கோரேங் தொண்டையிலயே நின்னுருச்சு.

"அப்பா, சென்னைக்கு ஏன்பா பொண்ணுங்க டீமே இல்ல?"

நான் என்னத்தச் சொல்ல. 2023 ஜனவரியில அஞ்சு டீம வித்தாங்க, மொத்தம் 4,669.99 கோடி, அதுல மும்பை 912.99 கோடிக்கு வாங்குனாங்க, டெல்லி பெங்களூரு வாங்குனாங்க, ஆமதாபாத், லக்னோவும் போச்சு. சென்னை பேரு அதுல இல்ல. பதினாறு வருஷமா மஞ்ச சட்ட போட்டவன் மகள்கிட்ட சொல்றதுக்கு ஒரு காரணம்கூட இல்லாம ஸ்டியரிங்கயே பாத்துக்கிட்டு வீடு வந்து சேந்தேன். மறுநாள்லேர்ந்து அது மும்பை. எங்க வீட்டுலயே, நான் கட்டுன வீட்டுல!

கேரித்தீவு பேத்தி:
அண்ணே சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது. நானும் பாயுமாஸ் போயிருக்கேன், ஆனா எனக்கு அது சந்தோசக் கதை இல்ல. 2025 ஜனவரி 21, அதே 19 வயசுக்குக் கீழ பொண்ணுங்களோட உலகக் கோப்பை, இந்தியாவுக்கும் நமக்கும். நைட் டூட்டி முடிச்சு மூணு மணி நேரம் தூங்கிட்டு, என் தங்கச்சியோட போனேன், பெட்டி நெறைய நாசி லெமாக் கட்டிக்கிட்டு, சாயங்காலம் வரைக்கும் ஆடுவாங்கன்னு நெனச்சு. ரெண்டரைக்கு ஆரம்பிச்சாங்க. மலேசியா 31 ரன்ல ஆல் அவுட். வைஷ்ணவி சர்மான்னு ஒரு பொண்ணு, அன்னைக்குத்தான் முதல் மேட்ச், ஹாட்ரிக்கோட அஞ்சு ரன்னுக்கு அஞ்சு விக்கெட். இந்தியா 2.5 ஓவர்ல முடிச்சுட்டாங்க. அந்தப் பொட்டலத்த காடியில உக்காந்துதான் பிரிச்சோம்.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. என் பக்கத்துல உக்காந்திருந்தவங்க எல்லாம் நம்ம ஆளுங்கதான், ஒவ்வொரு விக்கெட் விழும்போதும் கை தட்டுனாங்க. நானும் ரெண்டு தடவ தட்டிட்டேன். அப்புறம் பேட்ட கையில வெச்சுக்கிட்டு வெளிய நடந்து வந்த ஒரு மலேசியப் பொண்ணு மொகத்தப் பாத்தேன், நம்ம வார்டுக்கு ட்ரெய்னிங் வர்ற புள்ளைங்க வயசுதான் இருக்கும். அதுக்கப்புறம் கை வரல. யாருக்குத் தட்டறதுன்னு எனக்கு இன்னைக்கும் தெரியல, யாராச்சும் தெரிஞ்சா சொல்லுங்க.

அப்புறம் கமலினி கத: நான் பாத்த மலேசியா மேட்ச்ல அது மறுமுனையில சும்மா நின்னுச்சு, அடிச்சது எல்லாம் கூட எறங்குன கொங்கடி த்ரிஷா. கமலினிய பாக்கணும்னா இங்கிலாந்தோட செமி பைனல் பாத்திருக்கணும், 56 நாட் அவுட். எனக்கு டூட்டி.

தாராவி சம்பந்தி:
மும்பைன்னதும் எழுதணும்னு தோணுச்சு. என் மச்சினி கட்டிக்கிட்டுப் போனது தாராவிக்கு, அங்க நெறையப் பேரு திருநெல்வேலிக்காரங்கதான், தமிழ்லயே காலம் ஓட்டிடலாம். 2023 மார்ச்ல வளைகாப்புக்குப் போயிருந்தப்ப நவி மும்பை டி.ஒய். பாட்டீல்ல முதல் டபிள்யூபிஎல் மேட்ச், மார்ச் 4. பொண்ணுங்களுக்கு டிக்கெட் இலவசம்னு சொல்லி மச்சினி வீட்டு பெண்டுங்க எல்லாம் கெளம்பிட்டாங்க, நான் ஒருத்தன் மட்டும் காசு குடுத்து உள்ள போனேன், அத இன்னும் சொல்லிக் காட்டுறாங்க. ஹர்மன்பிரீத் 30 பந்துல 65, மும்பை 207, குஜராத் 64ல காலி. 143 ரன் வித்தியாசம். மேட்ச்னு பாத்தா ஒண்ணுமே இல்ல, ஒரு பக்கமா போச்சு. ஆனா அவ்ளோ பொம்பளைங்க குரல் ஒரே இடத்துல நான் அதுக்கு முன்ன கேட்டதில்ல, தைப்பூசத்துல பத்துமலை படியில நிக்கிறப்ப கேக்குமே, அந்த மாதிரி. என் மச்சினியோட மாமியாருக்கு எழுபது வயசு, கிரிக்கெட்டே தெரியாது, நாலு அடிச்சா குலவை போடும், விக்கெட் விழுந்தாலும் குலவை.

மும்பை ஆம்பளைங்க டீம் பத்தி எனக்கு ஒண்ணும் கிடையாது. அஞ்சு கப்பு வாங்கிட்டாங்க, வாங்கட்டும். நம்ம பக்கத்து ஊரு சிங்கப்பூர்ல பொறந்த டிம் டேவிட்ட 2022ல 8.25 கோடிக்கு எடுத்தப்ப மட்டும் கொஞ்சம் பாத்தேன்.

பழைய கிராணி:
தம்பி தங்கச்சிங்களுக்கு வணக்கம். எனக்கு எழுபத்தி ரெண்டு. நீங்க எல்லாம் கிரிக்கெட் நம்ம விளையாட்டு மாதிரி பேசுறீங்க, எங்க காலத்துல அது தொரைங்க விளையாட்டு. கிளப் திடல்ல சனிக்கிழமை தொரைங்க வெள்ளச் சட்ட போட்டு ஆடுவாங்க, எங்கப்பாதான் தென்னநார்ப் பாய உருட்டி விரிச்சு, நாலு பக்கமும் இரும்பு ஆணி அடிச்சு இழுத்துக் கட்டுவாரு. சாயங்காலம் திரும்பச் சுருட்டி ஸ்டோர்ல வெக்கணும். நாங்க வேலிக்கு வெளிய. செம்பனைக்குள்ள போன பந்த எடுத்துக் குடுத்தா அஞ்சு காசு. ஒரு தடவ பந்த குடுக்காம ஓடியாந்துட்டேன், எங்கப்பா வெளுத்த வெளுப்பு இருக்கே. தொரை அடிச்சிருந்தாகூட அவ்ளோ வலிச்சிருக்காது.

என் பேரன் சொல்றான் அதே கிள்ளான் பாயுமாஸ்லதான் 2023ல நம்ம சியாஸ்ருல் இட்ரூஸ் சீனாவோட 8 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தான்னு, ஆம்பளைங்க டி20 இன்டர்நேஷனல்ல அதுக்கு முன்ன யாரும் ஏழு எடுத்ததில்லையாம். நம்ம ஊருல எத்தன பேருக்குத் தெரியும்? எனக்கே தெரியாது. ஐபிஎல்ல எவன் எந்த கலர் சட்டன்னு தெரியுது.

தெலுக் மச்சான்:
மஞ்சச்சட்ட அண்ணே, 2025 ஐபிஎல்ல சென்னை கடைசியா பத்தாவது எடத்துல முடிச்சாங்களே, அதப் பத்தியும் ரெண்டு வரி எழுதுங்க 😂

பந்திங் மஞ்சச்சட்டை:
மச்சான் உன்ன ஒரு நாள் பாசார் மாலம் ராத்திரிச் சந்தையில பாக்குறேன், இரு.

பேத்தி, நீங்க செமி பைனல் விட்டீங்க, நாங்க பிப்ரவரி 2 பைனலுக்குப் போனோம், தைப்பூசத்துக்கு ஒன்பது நாள் இருக்கு, மாமியார் விரதம், நீங்க போயிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. தென்னாப்பிரிக்கா 82, இந்தியா ஒன்பது விக்கெட்ல ஜெயிச்சாங்க, த்ரிஷா மூணு விக்கெட்டும் எடுத்து 44ம் அடிச்சுச்சு. நீங்க கேட்டதுக்கு என்கிட்டயும் பதில் இல்ல தங்கச்சி. நானும் 21ஆம் தேதி டிவியில பாத்து கை தட்டுனவன்தான்.

அதுக்கப்புறம்தான் எனக்குச் சனி. பிப்ரவரி 21 ராத்திரி, டபிள்யூபிஎல்ல மும்பைக்கும் பெங்களூருக்கும், மும்பை 168 அடிக்கணும், நான் தூங்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டு மகள் போர்வைக்குள்ள போன வெச்சுப் பாக்குது. கடைசி ஓவர், ரெண்டு பந்து இருக்கு, கமலினி பவுண்டரி அடிச்சு முடிச்சுருச்சு. நான் எந்திரிச்சு "அடிச்சுட்டாளா!"ன்னு கத்திட்டேன். தூங்கல. ஆரம்பத்துலேர்ந்து தோள் வழியா நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். மகள் திரும்பிப் பாத்த பார்வை இருக்கே, 2019ல மலிங்கா பாத்த மாதிரியே. மார்ச் 15 பைனல் வீட்டுல எல்லாருமா பாத்தோம், டெல்லிய எட்டு ரன்ல ஜெயிச்சு ரெண்டாவது கப்பு. நான் சும்மா உக்காந்திருந்தேன்னு எழுதிக்கிறேன்.

மகளுக்கு மும்பை சட்ட வாங்கித் தரேன்னு ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன், யார்கிட்டன்னு சொல்ல விரும்பல, வந்தது ஆம்பளைங்க டீம் பாண்டியா பேரு போட்டு. பரவால்லன்னு அது மேல வெள்ள டேப்ப ஒட்டி கமலினின்னு மார்க்கர்ல எழுதிக்கிச்சு. ரெண்டு தடவ தொவச்சதுல இப்ப பாதி பாண்டியா பாதி கமலினி. கொடியில என் மஞ்சச் சட்டைக்குப் பக்கத்துலயே காயுது.

இப்ப ஒரு உதவி. வீட்டுக்குப் பின்னால இடம் இருக்கு, வலை கட்டி ஆட வைக்கலாம்னு பாக்குறேன், பந்து பக்கத்து வீட்டு அக்கா கோழிக் கூண்டுக்குள்ளயே போவுது. புது வலை வெல கேட்டா தல சுத்துது.

கேரித்தீவு பேத்தி:
மோரிப் பக்கம் மீன்காரங்ககிட்ட பழைய வலை கேளுங்க, சும்மாவே குடுப்பாங்க. நாத்தம் போக ரெண்டு வாரம் வெயில்ல போடணும்.

பழைய கிராணி:
தம்பி, கிளப்ப இடிச்சப்ப ஸ்டோர்லேர்ந்து அந்தப் பாய நான்தான் எடுத்துட்டு வந்தேன். பாய் செல்லரிச்சு மண்ணாப் போச்சு. ஆணி எட்டும் இருக்கு, எண்ணெய் போட்டுத்தான் வெச்சிருக்கேன். வலைய இழுத்துக் கட்ட ஆகும். ஞாயித்துக்கிழம காலையில பசியாறிட்டு வாங்க, மகளையும் கூட்டிட்டு.