பத்து மாதத்தில் மூன்றாவது டீசல் பம்ப்

2018 மாடல் டீசல் பிக்கப், பிஎஸ்4 (புகை அளவு விதி), காமன் ரெயில் (ரெயில் என்ற ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் வகை), 1,40,000 கிலோமீட்டர் ஓடியது. கோயம்பேட்டிலிருந்து தாம்பரத்துக்குத் தினமும் காய்கறி லோடு. பத்து மாதத்தில் ஹை பிரஷர் பம்ப் மூன்று முறை போய்விட்டது: முதலில் வண்டியோடு வந்தது, அப்புறம் ரீகண்டிஷன், இப்போது புத்தம் புதுசு.

ஒவ்வொரு முறையும் ஒரே கதைதான். கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது இழுவை குறையும், செக் எஞ்சின் லைட் எரியும், வண்டி நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறினால் மறுபடி ஸ்டார்ட் ஆகும்.

ஃபில்டர் மாற்றினேன், பங்க்கையும் மாற்றினேன். டீசலில் தண்ணீர் கலக்கவில்லை. நேற்று பழைய ஃபில்டரை அறுத்துப் பார்த்தால் மடிப்பெல்லாம் வெள்ளிப்பொடி மாதிரி மினுமினுப்பு, காந்தத்தில் ஒட்டுகிறது! மெக்கானிக்கோ இன்னும் டீசலைத்தான் திட்டுகிறார்.

பம்ப் தேய்ந்து வந்த இந்த இரும்புத்தூள், மிச்ச டீசல் திரும்பும் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கும் போயிருக்குமே. டேங்க், ரெயில், இன்ஜெக்டர் எல்லாம் கழற்றிச் சுத்தம் செய்யாமல் நான்காவது பம்ப் போட்டால் தாங்குமா?