வால்யூம் கேரன்டியில் 'டைடல் வால்யூம் குறைவு' அலாரம் நிற்கவில்லை: பி.ஐ.பி. வரம்பை ஏற்றலாமா?

கேள்வி:
27 வாரத்தில் பிறந்த குழந்தை, 900 கிராம், வென்டிலேட்டரில் (செயற்கை மூச்சு இயந்திரத்தில்) இருக்கிறது. 2.5 மி.மீ. மூச்சு டியூப், உதட்டில் 6.5 செ.மீ. குறி. ஏ.சி. மோடில் (குழந்தையின் ஒவ்வொரு மூச்சுக்கும் இயந்திரம் துணை தரும் முறை) வால்யூம் கேரன்டி (வைத்த அளவு காற்று கிடைக்கும்படி இயந்திரமே அழுத்தத்தை மாற்றும்), டைடல் வால்யூம் (ஒரு மூச்சின் காற்றளவு) இலக்கு 4.5 மி.லி. (கிலோவுக்கு 5). பீப் (மூச்சு விட்ட பின்னும் நுரையீரலில் நிற்கும் அழுத்தம்) 5, பி.ஐ.பி. (உள்மூச்சின் உச்ச அழுத்தம்) வரம்பு 22, ஆக்சிஜன் 30%. நேற்றுவரை 15, 16-இல் ஓடிய பி.ஐ.பி. இன்று காலையிலிருந்து 22-ஐத் தொட்டு நிற்கிறது. அலாரம் ஓயவில்லை. உள்மூச்சு 9, வெளிமூச்சு 4 மி.லி. என்று திரை காட்டுகிறது. சாச்சுரேஷன் (ரத்த ஆக்சிஜன்) 91–94%, மார்பு நன்றாகவே எழும்புகிறது. சக்ஷன் (டியூபில் சளியை உறிஞ்சுவது) செய்தால் இன்னும் மோசமாகிறது. வரம்பை 26 ஆக்கச் சொல்கிறார்கள். சரியா?

பதில் 1:
ஏற்ற வேண்டாம். விடை உங்கள் எண்களிலேயே இருக்கிறது. 9 போய் 4 திரும்பினால் மீதி 5 மி.லி. டியூபைச் சுற்றி ஒழுகுகிறது. அதாவது 56% லீக். பெரும்பாலான இயந்திரங்களில் வால்யூம் கேரன்டி வெளிமூச்சின் அளவை வைத்தே அடுத்த மூச்சின் அழுத்தத்தை முடிவு செய்யும். நுரையீரலுக்குள் உண்மையில் போனது 4-க்கும் 9-க்கும் நடுவில் எங்கோ இருக்கும். இயந்திரத்துக்கு 4 மட்டுமே தெரிவதால் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகிறது. லீக் 40–50% தாண்டிவிட்டால் அந்த 4-ஐ நம்பக்கூடாது. மார்பு எழும்புவதையும் ரத்த வாயு அளவையும் நம்புங்கள்.

முதலில் கழுத்தைப் பாருங்கள். உதட்டில் 6.5 மாறாமலே டியூபின் நுனி நகரும்: முகவாய் தாழ்ந்தால் நுனி இறங்கும், தலை பின்னால் சாய்ந்தால் ஏறும். இந்த எடையில் அரை செ.மீ. என்பதே பெரிய தூரம். தலையை நடுநிலையில் வைத்து, சர்க்யூட்டின் (இயந்திரக் குழாய்களின்) பாரம் டியூபை இழுக்காதபடி தாங்கல் கொடுத்துவிட்டு, 15 மூச்சுவரை லீக் சதவீதத்தைக் கவனியுங்கள். லீக்கைக் குறைக்கிறேன் என்று டியூபை உள்ளே தள்ளிவிடாதீர்கள். 'கிலோ எடையோடு 6 கூட்டினால் டியூபின் ஆழம்' என்ற கணக்கின்படி 6.9 செ.மீ. வரும், ஆனால் 1 கிலோவுக்குக் கீழே அந்தக் கணக்கு டியூபை ஆழமாக்கிவிடும், வலது மூச்சுக்கிளைக்குள் போய்விடும்.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஃப்ளோ சென்சரையும் (காற்றோட்டத்தை அளக்கும் கருவி) பாருங்கள். அதனுள் இருக்கும் சூடான கம்பியில் ஒரு துளி நீரோ சளியோ ஒட்டினாலே அளவு தப்பாகிவிடும். வால்யூம் வளைவு ஒவ்வொரு மூச்சிலும் பூஜ்யத்துக்கு இறங்காமல் அந்தரத்தில் நின்றால் லீக். ஃப்ளோ வளைவு ரம்பப் பல் போலத் துடித்தால் நீர் அல்லது சளி. சென்சரைக் கழற்றி, காலிபரேட் செய்து முடிக்கும்வரை குழந்தைக்கு டி-பீஸில் (கையால் மூச்சுத் தரும் கருவி) மூச்சுக் கொடுங்கள். சர்ஃபாக்டன்ட் (நுரையீரல் விரிய உதவும் மருந்து) கொடுக்கும் முன்பும் சென்சரைக் கழற்றிவிடுவது நல்லது.

வரம்பை ஏற்றக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு, பலரும் கவனிப்பதில்லை. சில இயந்திரங்களில் சென்சர் செயலிழந்தாலோ கழற்றினாலோ வால்யூம் கேரன்டி நின்று, ஒவ்வொரு மூச்சும் அந்த வரம்பு அழுத்தத்திலேயே போகும். 16 போதுமான நுரையீரலுக்கு 26! ஓடும் பி.ஐ.பி.-க்கு மேல் 5 அளவில் வரம்பை வைத்தால் போதும்.

பதில் 3:
சக்ஷன் பற்றி. 2.5 டியூபுக்கு 5 அல்லது 6 ஃப்ரெஞ்ச் (தடிமன் அளவு) கதீட்டர், 80–100 மி.மீ. பாதரச அழுத்தம், 10 நொடிக்குள் வெளியே. டியூபும் அடாப்டரும் சேர்ந்த நீளத்தை அளந்து அந்த அளவோடு நிறுத்துங்கள். தட்டுப்படும்வரை இறக்கினால் மூச்சுக்கிளையின் சுவர் புண்ணாகும். சர்க்யூட்டைப் பிரித்தால் பீப் போய்விடும், நுரையீரல் சுருங்கும். அது மீண்டும் விரியும்வரை சில நிமிடம் பி.ஐ.பி. கூடுதலாகத்தான் ஓடும். மூடிய சக்ஷன் (சர்க்யூட்டைப் பிரிக்காமல் உறிஞ்சும் வகை) இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். நேரம் பார்த்துச் செய்யாமல், தேவை இருக்கும்போது மட்டும்.

இன்னொன்று: லீக் 10–20% தான், ஆனாலும் பி.ஐ.பி. ஏறுகிறது என்றால் கதை வேறு. டியூப் அடைப்பு, ஒரு பக்கம் போன டியூப், நியூமோதோராக்ஸ் (நுரையீரலுக்கு வெளியே காற்று கசிந்து அதை அழுத்துவது). உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். மார்பின் இருபுறமும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேளுங்கள், அறை விளக்கை அணைத்து மார்பில் ஒளி வைத்துப் பாருங்கள். எக்ஸ்ரேக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கேட்டவர்:
நன்றி. தலையை நேராக்கியதும் லீக் 32%, பி.ஐ.பி. 18. ஆனால் குழந்தை அசையாமல் தூங்கும்போதும் மூச்சு எண்ணிக்கை 75 காட்டுகிறது. இயந்திரத்தில் வைத்தது 40.

பதில் 1:
75 மாறாமல் ஒரே சீராக ஓடினால் அது குழந்தையின் மூச்சாக இருக்காது, ஆட்டோ ட்ரிகர். லீக்கை மூச்சென்று எண்ணி இயந்திரம் தானாகவே அடிக்கிறது. கார்பன் டை ஆக்சைடு தேவைக்கு மேல் குறைந்துவிடும், இந்த வயதில் மூளைக்கு ஆபத்து. வயிற்றில் விரலை லேசாக வைத்துத் திரையின் ட்ரிகர் குறியோடு ஒப்பிடுங்கள். குழாயில் தேங்கிய நீர் ஆடினாலும் இப்படி ஆகும்; அதை வாட்டர் ட்ராப்பில் வடித்துவிடுங்கள், குழந்தை பக்கம் சாய்க்காமல். பிறகு ட்ரிகரை (எவ்வளவு காற்றோட்டத்தை மூச்சென்று எண்ணுவது என்ற வரம்பு) நிமிடத்துக்கு 0.1 லிட்டர் வீதம் படிப்படியாகக் கூட்டுங்கள். பொய் மூச்சு நிற்கும் இடத்தில் நிறுத்தி, குழந்தை தானாக இழுக்கும் மூச்சு இன்னும் பிடிபடுகிறதா என்று பாருங்கள். பிடிபடவில்லை என்றால் ஒரு படி குறையுங்கள்.

லீக் மறுபடி 50-ஐத் தாண்டி, தலையை எப்படி வைத்தாலும் இறங்காவிட்டால், டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: டியூபை எடுத்துவிட்டு சி-பாப்புக்கு (மூக்கு வழியே தொடர்ந்து அழுத்தம் தரும் முறை) மாற்ற முடியுமா, முடியாவிட்டால் வால்யூம் கேரன்டியை நிறுத்தி அழுத்தத்தைக் கையால் வைப்பதா, 3.0 டியூப் போடுவதா. இதே வரிசையில் கேளுங்கள். லீக் ஒன்றுக்காகவே மறுபடி டியூப் போடுவது கடைசி வழி.