பழைய டிடிஎச் பாக்ஸ்: இரண்டையும் மாற்ற வேண்டுமா, ஒன்று போதுமா?

மேலவீதி_தஞ்சை:
வணக்கம். வீட்டில் இரண்டு டிடிஎச் பாக்ஸ் இருக்கின்றன. ஹாலில் இருப்பது 2011-ல் வாங்கியது, அம்மா அறையில் இருப்பது 2014. இரண்டுமே எஸ்டி, அதாவது சாதாரணத் தரப் படம் தருபவை. பொங்கலுக்கு ஹாலில் 43 இன்ச் டிவி வாங்கினோம், அன்றைக்கே குறை தெரிய ஆரம்பித்துவிட்டது. பழைய 21 இன்ச் டிவியில் பளிச்சென்று தெரிந்த படம் இதில் கலங்கலாக இருக்கிறது, செய்தி சேனலில் கீழே ஓடும் எழுத்தைப் படிக்கக் கண்ணை இடுக்க வேண்டியிருக்கிறது. போதாததற்கு, இரண்டு வாரமாக ஹால் பாக்ஸ் ராத்திரி சீரியல் நேரத்தில் தானாகவே அணைந்து மறுபடி உயிர் பெறுகிறது. கஸ்டமர் கேரில் கேட்டால் இரண்டையும் எச்டிக்கு, அதாவது துல்லியமான படம் தரும் பாக்ஸுக்கு மாற்றுங்கள் என்கிறார்கள்.

எனக்கு அம்மாவை நினைத்துத்தான் தயக்கம். வயது 74. அவர் ரிமோட்டில் எண்களெல்லாம் தேய்ந்து அழிந்துவிட்டன, விரல் பழக்கத்திலேயே சரியான சேனலை அழுத்திவிடுவார். புது ரிமோட்டைக் கொடுத்தால் டிவி பார்ப்பதையே விட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

மொட்டைமாடி_டிஷ்:
2008-லிருந்து டிஷ் மாட்டும் வேலையில் இருக்கிறேன். தானாக அணைந்து அணைந்து வந்தால் பாக்ஸைக் குறை சொல்லாதீர்கள், முதலில் அடாப்டரைப் பாருங்கள். வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்து உள்ளே கெப்பாசிட்டர் உப்பிப் போயிருக்கும். அம்மா அறை அடாப்டரை ஒரு ராத்திரி ஹாலில் போட்டுப் பாருங்கள், ஆனால் மேலே அச்சடித்திருக்கும் வோல்ட் ஒன்றாகவே இருக்க வேண்டும், ஆம்பியர் குறையக்கூடாது, பாக்ஸில் செருகும் முனையும் பொருந்த வேண்டும்.

அப்புறம் மாடிக்குப் போய் எல்என்பியில், அதாவது டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் கருவியில், கேபிள் சேரும் இடத்தைக் கழற்றிப் பாருங்கள். கேபிள் முனையில் திருகும் எஃப் கனெக்டருக்குள் பச்சை பிடித்திருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். இன்னொன்று, இரண்டு பாக்ஸுக்கும் எல்என்பியிலிருந்து தனித்தனி ஒயர் வருகிறதா? சிலர் ஒரே ஒயரில் சாதாரண ஸ்ப்ளிட்டர் போட்டுப் பிரித்துவிடுவார்கள். எந்தச் சேனல் தொகுதி வேண்டும் என்பதை பாக்ஸ் வோல்ட்டை மாற்றித்தான் எல்என்பிக்குச் சொல்லும். ஒரு பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பும்போது மற்றது 18 அனுப்பினால் எல்என்பி எதைக் கேட்கும்? ஒரு டிவியில் சேனல் மாற்றினால் இன்னொன்றில் படம் போய்விடும். பலத்த மழையில் மட்டும் படம் போகிறது என்றால் அது டிடிஎச் சிக்னல் வரும் கேயூ பேண்ட் அலைவரிசையின் குணம், எந்தப் புது பாக்ஸும் அதைத் தீர்க்காது.

வைகைக்கரை:
படம் கலங்குவதற்குக் காரணம் வேறு. எஸ்டியில் வருவது 576 வரிதான், அதை 1080 வரியுள்ள திரை இழுத்து நிரப்புகிறது, 4கே டிவி என்றால் இன்னும் அதிகம். ஆகவே ஹாலுக்கு எச்டி பாக்ஸ் போடுவது நியாயம், எச்டிஎம்ஐ ஒயரில்தான் இணைக்க வேண்டும். ஆனால் பாக்ஸை மாற்றினால் மட்டும் எஸ்டி சேனல் எச்டி ஆகிவிடாது. எச்டி சேனலுக்குத் தனிக் காசு. 2019-ல் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி வந்ததிலிருந்து வேண்டிய சேனலை மட்டும் எடுக்கலாம் என்பதால், உண்மையில் பார்க்கும் மூன்று நான்கை மட்டும் எச்டியில் எடுங்கள், பேக்கேஜ் தலையில் கட்டினால் வாங்காதீர்கள்.

அம்மா அறையில் பழைய டியூப் டிவி என்றால் எச்டி பாக்ஸ் வீண். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரில் எடுத்தால் எஸ்டி தரம்தான் வரும்.

கோவை_வாசி:
பாக்ஸ் எம்பெக்-2 வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அது படத்தைச் சுருக்கி அனுப்பும் பழைய முறை. அப்படியென்றால் என்றைக்காவது மாற்றித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் புதிய முறையான எம்பெக்-4-ல் அதே இடத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு சேனலை அடைக்க முடியும், பழைய முறையை எந்த நிறுவனமும் கடைசிவரை ஓட்டாது. 2007 கடைசியில் வந்த சன் டைரக்ட் ஆரம்பத்திலேயே எம்பெக்-4 தான். கோபத்தில் கம்பெனி மாறுவதாக இருந்தால் யோசித்து மாறுங்கள், ஒருவர் பாக்ஸ் இன்னொருவரிடம் ஓடாது, செயற்கைக்கோள் வேறென்றால் டிஷ்ஷையும் திருப்ப வேண்டும். வீட்டில் நல்ல பிராட்பேண்ட் இருந்தால் ஆண்ட்ராய்டு பாக்ஸையும் பாருங்கள், ஆனால் அதை அம்மா அறையில் வைக்க வேண்டாம். மெனுவுக்குள் மெனு போகும்.

மேலவீதி_தஞ்சை:
எல்லோருக்கும் நன்றி. அடாப்டர்தான் காரணம். மாற்றிப் போட்டு ஐந்து நாள் ஆகிறது, ஒரு தடவைகூட அணையவில்லை. எஃப் கனெக்டரையும் மாற்றிவிட்டேன், உள்ளே சொன்ன மாதிரியே பச்சை. ஹாலுக்கு மட்டும் எச்டி சொல்லியிருக்கிறேன், நான்கு சேனல் போதும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அம்மா அறையில் பாக்ஸையோ ரிமோட்டையோ தொடவில்லை. ஹாலில் கழற்றும் பழைய பாக்ஸுக்கும் அதே மாடல் ரிமோட்தான், அதைத் துடைத்து அம்மாவின் அலமாரியில் எடுத்து வைக்கப்போகிறேன்.