அழைப்பு முடிந்த பிறகு என்ன ஆனது?

அவசர அழைப்புக் கட்டுப்பாட்டு அறையில் நீண்ட காலமாக வேலை பார்க்கிறேன். புதிதாக வருபவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்குவதும் என் பொறுப்பு. இந்த வேலையில் ஆள் ஏன் நிற்பதில்லை என்று கேட்டிருந்தீர்கள். கட்டாய ஓவர்டைம், ராத்திரி ஷிஃப்ட், சம்பளம் எல்லாமே காரணம்தான். ஆனால் நான் கண்ணால் பார்த்த காரணம் வேறு.

பயிற்சியில் இருந்த ஒரு பெண் அன்று அழைப்பை எடுத்தார். கணவர் சுருண்டு விழுந்துவிட்டார் என்று ஒரு அம்மா அலறினார்.

"மூச்சு விடுகிறாரா?"

"விடுகிறார். குறட்டை மாதிரி சத்தம் வருகிறது."

இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்கள் அப்படி விட்டுவிட்டு இழுக்கும். கேட்பவருக்கு மூச்சு போலத் தோன்றும், ஆனால் அது மூச்சு இல்லை. வகுப்பில் அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டியிருந்ததால் அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னார், கணவரைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொன்னார். நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டராவது இறங்கும்படி அழுத்த வேண்டும். அந்த அம்மாவோடு சேர்ந்து இவரும் சத்தமாக எண்ணினார். ஆம்புலன்ஸ் ஆட்கள் உள்ளே வரும் சத்தம் கேட்டது. லைன் போய்விட்டது. அடுத்த அழைப்பு, வண்டி நிறுத்துவதில் தகராறு.

அந்தக் கணவர் பிழைத்தாரா என்று அந்தப் பெண் மறுநாளும் கேட்டார். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டார். அவ்வளவு திறமையான ஆள்! இன்றும் மனசு ஆறவில்லை.

லண்டனில் 1937-இல் 999 என்ற அவசர எண் தொடங்கிய காலத்தில் அழைப்பை உரிய இடத்துக்கு இணைத்துவிடுவதே ஆபரேட்டர் வேலை. இன்று உயிர் காப்பதன் முதல் நிமிடங்கள் எங்கள் கையில். ஆனாலும் அமெரிக்காவின் 2018 தொழில் வகைப்பாட்டில்கூட இது அலுவலக உதவிப் பணிகளோடுதான் இருக்கிறது. அந்தப் பார்வை மாறாமல் மன ஆறுதலுக்கு ஆலோசகர் எங்கிருந்து வருவார்?

*

ரோந்துக் காவலராக நானும் ஒன்று சொல்ல வேண்டும். மனநலம் பாதித்த ஒருவர் கத்தியோடு மாடியில் நிற்பதாகத் தகவல் வந்து கிளம்பினோம். பாதி வழியில் வயர்லெஸ்ஸில் கட்டுப்பாட்டு அறை: "சைரனை அணைத்துவிட்டுப் போங்கள். சத்தம் கேட்டால் மிரள்வார் என்று அவருடைய அக்கா சொல்கிறார். அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பேசுவாராம்." பேசினார். நேரம் பிடித்தது, ஆனால் கத்தியைக் கீழே வைத்தார்.

அழைப்பைக் கேட்டு எங்களை அனுப்பிய அந்த டிஸ்பேச்சர், மனநெருக்கடியில் இருப்பவர்களைக் கையாளும் பயிற்சியை என்னோடு ஒரே வகுப்பில் எடுத்தவர். அக்காவிடம் என்ன கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது அதனால்தான். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1987-இல் மனநலம் பாதித்த ஓர் இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்ற பிறகு, 1988-இல் உருவானது அந்தப் பயிற்சி முறை. காவலர்களுக்கு 40 மணி நேரம். பல இடங்களில் டிஸ்பேச்சர்களை அதற்கு அனுப்புவதே இல்லை. அனுப்புங்கள். புதியவர்களை முதல் வாரத்திலேயே ரோந்து வண்டியிலும் ஏற்றுங்கள்.

அப்புறம், மேலே எழுதியவருக்கு: அன்று சம்பவம் முடிந்ததும் நான் அந்த டிஸ்பேச்சருக்குப் போன் போட்டு, "ஆள் பத்திரம்" என்றேன். இப்போது எங்கள் குழுவில் எல்லோரும் அப்படிச் செய்கிறோம். இதற்கு எந்த உத்தரவும் தேவைப்படவில்லை.