புதுப்பிப்பு: ஷகாலின் விவிலிய லித்தோகிராஃப்கள்

ஓவியர் மார்க் ஷகாலின் விவிலிய லித்தோகிராஃப்களில் (கல்லிலோ உலோகத் தகட்டிலோ வரைந்து அச்சிட்ட படங்கள்) பென்சில் கையெழுத்தும் பிரதி எண்ணும் கட்டாயம் என்று முந்தைய இழையில் எழுதியது 'வெர்வ்' என்ற பிரெஞ்சுக் கலை இதழின் தாள்களுக்குப் பொருந்தாது. 1956, 1960 சிறப்பிதழ்களுக்காக பாரிஸின் மூர்லோ அச்சுப் பட்டறை அச்சிட்ட தாள்களில் இரண்டுமே கிடையாது. அவற்றில் கையெழுத்தைக் காட்டி விலை ஏற்றினால்தான் சந்தேகப்பட வேண்டும். அகன்ற ஓரத்துடன், ஷகால் கையெழுத்திட்டு வந்த தனிப் பதிப்பு வேறு.

10 மடங்கு லென்ஸில் வண்ணத்தைப் பாருங்கள். மணல் தூவியதுபோல் ஒழுங்கற்ற பொரிகள் என்றால் லித்தோ. சீரான புள்ளிகள் பூவிதழ்போல் வட்டம் கட்டியிருந்தால் ஆஃப்செட் நகல், அதாவது புகைப்படத்திலிருந்து இயந்திரத்தில் அச்சிட்ட பிரதி.

பிறகு தாளைத் திருப்புங்கள். 1960 இதழின் வண்ணப் படங்களுக்குப் பின்னால் கறுப்பு வெள்ளை லித்தோ இருக்கும். அட்டையில் ஒட்டிய பிரதியை வாங்கவே வேண்டாம்: இந்தச் சோதனைக்கு வழியில்லை, அட்டையின் அமிலம் தாளையும் பழுப்பாக்கும்.