அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் அதிகாரம் எதுவரை?

கேள்வி

அதிபரின் ஓர் ஆணை அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று எல்லோருக்கும் தெரிந்தாலும், யாராவது வழக்குத் தொடரும் வரை அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் வாளாவிருக்கின்றன. ஆனால், மாவட்ட நீதிபதி ஒருவரே அத்தகைய ஆணையை நாடு முழுவதும் நிறுத்தி வைத்ததாகவும் செய்திகள் வந்தன. இவ்விரண்டும் எப்படிப் பொருந்துகின்றன?

பதில் 1

அரசமைப்பின் மூன்றாம் பிரிவு, உண்மையான வழக்குகளையும் பிணக்குகளையும் தீர்க்கும் அதிகாரத்தை மட்டுமே இந்த நீதிமன்றங்களுக்குத் தருகிறது. எனவே, வழக்காடுபவர் தமக்கு நேர்ந்த அல்லது நேரவிருக்கும் பாதிப்பைக் காட்டியாக வேண்டும். பொதுநல அக்கறை மட்டும் போதாது. 1793-இல் பிரான்சுடனான ஒப்பந்தங்கள், நடுநிலைமை ஆகியவை குறித்து 29 கேள்விகளை அதிபர் வாஷிங்டனின் அரசு அனுப்பியபோது, நீதிபதிகள் கருத்துரைக்க மறுத்துவிட்டனர். கேட்டவர் நாட்டின் அதிபரே என்பதைக் கவனியுங்கள்.

பதில் 2

மேலே சொன்னதோடு, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பிடியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அரசமைப்பு நேரடியாக நிறுவியது உச்ச நீதிமன்றத்தை மட்டுமே. கீழமை நீதிமன்றங்கள் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தால் உருவானவை. சட்டங்களைச் செல்லாதென அறிவிக்கும் அதிகாரத்தை 1803-இல் மார்பரி வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியதைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதைவிட மெக்கார்டல் வழக்கே பாடமாகத் தோன்றுகிறது. உள்நாட்டுப் போருக்குப் பின் மிசிசிப்பியில் ராணுவ ஆட்சியைக் கண்டித்து எழுதிய மெக்கார்டல் என்ற பத்திரிகை ஆசிரியரை ராணுவம் கைது செய்தது. அவருடைய ஆட்கொணர்வு மனு மீதான மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் வாதங்களைக் கேட்டு முடித்த பின்னரும், தீர்ப்பு வருவதற்குள், 1868 மார்ச்சில் அந்த மேல்முறையீட்டு வழியையே காங்கிரஸ் ரத்து செய்தது. அதிபர் ஜான்சனின் மறுப்பாணையும் அதைத் தடுக்கவில்லை. அடுத்த ஆண்டு, தனக்கு விசாரணை அதிகாரமே இல்லை என்று கூறி நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றத்தை அணுக வேறொரு வழி எஞ்சியிருந்தது என்பதால், காங்கிரஸ் எல்லாக் கதவுகளையும் அடைத்துவிடலாம் என்று இதற்குப் பொருளில்லை.

பதில் 3

கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு விடை 2025 ஜூனில் வந்தது. அமெரிக்க மண்ணில் பிறந்தாலே கிடைக்கும் பிறப்புரிமைக் குடியுரிமையைக் கட்டுப்படுத்திய அதிபர் டிரம்ப்பின் ஆணையை எதிர்த்த வழக்குகளில், வழக்காடியவர்களுக்கு முழு நிவாரணம் தரத் தேவையான அளவைத் தாண்டி அனைவருக்குமாகத் தடை விதிப்பது, காங்கிரஸ் அளித்த அதிகாரத்தை மீறுவதாகவே தெரிகிறது என்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் கூறியது. ஆணை செல்லுமா என்பதை அத்தீர்ப்பு தொடவில்லை. ஒரே நிலையிலுள்ள பலருக்காகச் சிலர் தொடுக்கும் குழு வழக்கு என்ற வழி திறந்தே இருந்தது. அடுத்த மாதமே நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு மாவட்ட நீதிபதி அவ்வழியில் தடை விதித்தார்.

கேட்டவர்

நன்றி. தீர்ப்பை நிர்வாகமே மதிக்காவிட்டால் என்ன செய்வார்கள்?

பதில் 2 எழுதியவர்

அவமதிப்பு நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் நீதிமன்ற ஆணைகளைச் செயல்படுத்தும் மார்ஷல்கள் அதிபரின் ஆளுகைக்குட்பட்ட சட்ட அமைச்சகத்தின் கீழ்தான் பணியாற்றுகின்றனர். 1957-இல் லிட்டில் ராக் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழைவதை ஆர்கன்சா ஆளுநர் தடுத்தபோது, அதிபர் ஐசன்ஹோவர் ராணுவத்தை அனுப்பியதால்தான் நீதிமன்ற ஆணை நிறைவேறியது. அங்கே மீறியவர் ஆளுநர். அதிபரே மீறினால் அனுப்புவதற்கு நீதிமன்றத்திடம் படை இல்லை.